என் சரித்திரமும் எழுத்துத் தடையும்

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்தம் விடாமுயற்சியைப் போற்றி அமைவர். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் திருக்குறள் அதிகாரங்களுக்கு ஐயரவர்களின் வாழ்க்கையையே உரையாகக் காட்டும் வழக்கம் மேடைகளில் மிகுதி. போற்றுதல் தகும். ஆயினும் அப்போற்றுரை ‘என் சரித்திரம்’ என்னும் நூலைப் பிறழ உணரச் செய்கின்றது என்பது என் கருத்து. அந்நூலுள் ஐயரவர்கள் தம்மை ஒருபோதும் தளராதவராகக் காட்டிக்கொள்ளவில்லை. பணி நின்றுபோன இடங்களை மறையாது கூறுகின்றார். அது மீண்டும் தொடங்கியது எவ்வாறு என்பதையும் கூறுகின்றார். எழுதுவோன் ஒருவனுக்கு இடையில் அற்றுப்போன ஊக்கம் எங்கிருந்து திரும்ப வருகின்றது என்னும் வினாவுக்கு அப்பகுதிகளில் விடை உண்டு. அதனை ஆராய்தல் ஈண்டு நோக்கமாகும்.

சிந்தாமணிச் செய்தி யாவரும் அறிந்தது. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது ஐயரவர்களுக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் புராணமும் நிரம்பக் கற்றவர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணிப் பிரதியை அவர் முன் வைத்தார். கற்ற கல்வி அங்கே உதவவில்லை. சொல் விளங்கியும் பொருள் விளங்காத இடங்கள் பல. சைன சமயக் கருத்துக்கள் அவை. மேலும் உழைத்தால் விளங்கிவிடும் என்று ஐயரவர்கள் அறையுள் அமர்ந்திருந்தாரல்லர். அவ்வூரிலிருந்த சைனர் வீடுகளுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணி சமய நூலாக முறையாகப் படிக்கப்பெற்று வருவதைக் கண்டார். ஏட்டில் இருண்டு கிடந்தது அவர்கள் வாயில் நாள்வழக்காக இருந்தது. 1887இல் நூல் வெளிவந்தது.

மணிமேகலையின் வரலாறு இதனினும் கருதத்தக்கது. அதனைக் குறைவாகவே பேசுகின்றோம்.

இரட்டைக் காப்பியங்களுள் சிலப்பதிகாரத்தை ஐயரவர்கள் 1892இல் பதிப்பித்தார். மணிமேகலை 1898இல்தான் அவரிடமிருந்து வெளிவந்தது. இடையில் ஆறாண்டுகள். புறநானூறும் (1894) புறப்பொருள் வெண்பா மாலையும் (1895) இவ்விடைக்காலத்தில் வெளிவந்தமையால், வேலை மிகுதியே காலத்தாழ்வுக்குக் காரணம் என ஒருவர் கூறலாம். அதனை முற்றும் மறுத்தற்கில்லை. ஆயினும் ஏன் அந்நூல்கள் முந்தின, மணிமேகலை பிந்தியது என்ற வினா எஞ்சுகின்றது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்குநல்லாரும் உளர். புறநானூற்றின் பெரும்பகுதிக்கும் பழைய உரை கிடைத்தது. மணிமேகலைக்குப் பழைய உரை ஒன்றும் இல்லை. மேலும், அது எச்சமயத்தைச் சார்ந்த நூல் என்பதே தொடக்கத்தில் ஐயரவர்களுக்குத் தெளிவாகவில்லை. சிந்தாமணி விளங்காதபோது கேட்டறியச் சைனர் அடுத்த தெருவில் இருந்தனர். பௌத்தரோ தமிழகத்தில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தடையின் தன்மை இங்கே வேறு. தேடிச் செல்ல ஒரு வீடும் இல்லை.

இந்நிலையில் உதவியவர் கும்பகோணம் கல்லூரியில் உடனாசிரியராக இருந்த மளூர் ரங்காசாரியர். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக விளங்கியவர். விளங்காத சொற்களை ஐயரவர்கள் அவரிடம் கூற, அவை பௌத்த சமயத்தன என அவர் கண்டுணர்த்தினார். ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தக் கொள்கைகளை எடுத்துரைத்தார். இவ்விருவரும் சேர்ந்து ஆராய்ந்த பகுதியைப் படிப்போர் ஒன்றை நோக்குதல் வேண்டும். ரங்காசாரியர் ஐயரவர்களுக்கு ‘முயலுங்கள்’ என்று அறிவுரை கூறியதாக அங்கே வற்புறுத்தப்படவில்லை. ஐயரவர்கள் ஓரடியைக் கூறுகின்றார். மற்றவர் அதன் பொருளை உணர்ந்து மகிழ்கின்றார். அம்மகிழ்ச்சி அடுத்த அடிக்கு இட்டுச் செல்கின்றது. ஊக்கம் அங்கே அறிவின் பின்னே வருகின்றது.

நாம் பொதுவாக இதனை மாற்றிக் கூறுகின்றோம். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் நின்றுவிட்ட மாணவனை நோக்கி, ‘ஊக்கம் கொள்க, எழுத்து தானே வரும்’ என்கின்றோம். அவன் நின்றது மடியினால் என்பதை எவ்வாறு துணிந்தோம்? ஒரு கலைச்சொல்லோ ஒரு கல்வெட்டுத் தொடரோ விளங்காமையை வெளியிடக் கூசி நின்றவன் அவனாயின், நம் அறிவுரை அக்கூச்சத்தை மிகுவிக்கும். வேறு பயன் தாராது. ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். அதனை எடுத்தோதுவோர் அதே அரசியற் பகுதியில் அதற்கு முன் நிற்கும் கேள்வி (42), பெரியாரைத் துணைக்கோடல் (45) ஆகியவற்றை எடுத்தோதுவது அரிது. வைப்புமுறை உரையாசிரியர் கொண்டதே எனினும், பொருள் தொடர்பு கருதத்தக்கது.

மணிமேகலையின் மூலம் மட்டும் 1894இல் திருமயிலை வித்துவான் சண்முகம் பிள்ளை அவர்களால் அச்சிடப்பெற்றது. அதன் பின்னும் ஐயரவர்கள் விரைந்திலர், நூலைக் கைவிட்டாருமிலர். பிறர் முந்திக்கொண்டதை அறிந்து பாதியில் விட்ட பணிகள் ஆராய்ச்சி உலகில் பலவாதலின், இதனைச் சுட்டுதல் வேண்டும். மூலம் வெளிவந்துவிட்டது, பொருள் இன்னும் வெளிவரவில்லை. அவர் செய்யக் கருதியது பின்னது.

அத்தடையால் விளைந்த பயன் 1898ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளது. பழைய உரை இன்மையால் அரும்பதவுரையைத் தாமே எழுதினார். கற்போர்க்குச் சமய அடிப்படை வேண்டும் எனக் கருதிப் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் மூன்று உரைநடைப் பகுதிகளை எழுதிச் சேர்த்தார். பிறருரையைப் பதிப்பிப்பவராக இருந்தவரை உரையாசிரியராகவும் உரைநடையாசிரியராகவும் நிற்கச் செய்தது மணிமேகலையின் இருளே எனலாம். உரையுள்ள நூலாக அது கிடைத்திருப்பின் இம்மூன்றும் தோன்றியிருக்குமா என்பது ஐயம். தாம் எதனை அறியாது நின்றாரோ அதனையே பிறர்க்கு எழுதினார். அவ்வுரைநடை கற்போன் எங்கே இடறுவான் என்பதை அறிந்த எளிமையுடையது.

‘என் சரித்திரம்’ தளர்ச்சியை நீள வருணிப்பதில்லை. ஆசிரியரின் மறைவு போன்ற சில இடங்கள் நீங்கலாக, மனநிலையைக் கூற வேண்டிய இடத்தில் ஐயரவர்கள் ஒரு சந்திப்பையோ உரையாடலையோ கூறிச் செல்வர். மேனாட்டுத் தன்வரலாறுகளிற் பழகியோர் இதனைக் குறை என்பர். நமக்கு அது வாய்ப்பாகவே உள்ளது. உள்ளத்தை வருணித்திருப்பின் அவ்வருணனையோடு அமைந்திருப்போம். சந்தித்த மனிதரைக் கூறியமையால், பணி எதனால் இயங்கிற்று என்பதைக் காண முடிகின்றது.

1940இல் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கிய இந்நூல், 1942 ஏப்ரல் 28இல் ஐயரவர்கள் மறைந்தமையால், மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டிய செய்திகளோடு நின்றுவிட்டது. 1950இல் நூல்வடிவு பெற்றது. எஞ்சிய நாற்பதாண்டு வாழ்வை மாணவர் கி. வா. ஜகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலில் எழுதினார். ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), குறுந்தொகை (1937) ஆகியவற்றில் எங்கெங்கே பணி நின்றது, யாரைக் கேட்டபின் நடந்தது என்பவற்றை அப்பதிப்புக்களின் முகவுரைகளிலிருந்தும் ஐயரவர்களின் தனிக்கட்டுரைகளிலிருந்தும் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க பணி அது.