செக் ட்ரே சொல்லும் கணக்கு

பழவேற்காடு வட்டாரத்து இறால் பண்ணைகளில் எனக்கு மிகவும் பிடித்த கருவி செக் ட்ரேதான். சட்டத்தில் வலை கட்டிய தட்டு, தூக்கக் கயிறு, அவ்வளவே. குளத்தில் தீவனம் வீசும்போதே இதிலும் கொஞ்சம் வைத்து அடியில் இறக்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினால் குளத்தடி நிலவரம் தெரிந்துவிடும். தீவனம் மிஞ்சியிருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். தட்டு காலியானால் சற்றுக் கூட்டலாம். தட்டில் துள்ளும் வனாமி இறாலின் முதுகோரம் குடல் கருங்கோடாக நிறைந்திருந்தால் நன்றாகத் தின்றிருக்கிறது.

மிஞ்சிய தீவனம் அழுகினால் பிராணவாயு குறையும், அம்மோனியா ஏறும், சேறு கறுத்து நாறும். வளர்ப்புச் செலவில் சுமார் பாதி தீவனத்துக்கே போவதால் பணமும் வீண். அந்தத் தண்ணீர் பழவேற்காடு ஏரிக்குப் போனால் மடவை மீனையும் நண்டையும் நம்பிய மீனவருக்கும் கேடு. வேளைதோறும் தட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் எல்லாக் குளங்களிலும் வரட்டும்.