முறைப்பாடும் புறுபுறுப்பும்

கவிதைகளையும் நாவல்களையும் விமர்சிக்கும் இப்பக்கங்களில் இம்முறை ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்கிறோம். காரணம் எளியது. இலண்டன் உணவகக் குசினிகளில் வேலை செய்யும் எங்கள் தலையில் அடிக்கடி வந்து விழும் சொல் அது: 'விஞ்ஜ்'.

விடாமல், கேட்பவருக்கு எரிச்சல் வரும்படி குறை சொல்லுதல் என்பது அகராதிப் பொருள். 'மூக்கால் அழுகிறது' என்று ஊரில் சொல்வதற்குக் கிட்ட வரும். பழைய ஆங்கிலத்தில் பிறந்து, ஸ்கொட்லாந்து, வட இங்கிலாந்துப் பேச்சு வழியாகப் பரவிய சொல். நாய் முனகுவதைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லான 'வின்செல்ன்' இதற்கு உறவு. அமெரிக்கர் இதை அதிகம் பாவிப்பதில்லை.

பொருளை விட அதன் பாவனைதான் எமக்கு முக்கியம். மேசையில் இருப்பவர் சூப் ஆறிவிட்டது என்றால் அது 'கொம்பிளெயின்ற்'. மனேச்சர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பார், பில்லில் கழிப்பார். அதே இரவு, பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற ஒருவன் சேர்விஸ் சார்ஜ் எங்கே போகிறது என்று கேட்டால் அது 'விஞ்ஜ்'. பகிடிக்கன்றி எவரும் இச்சொல்லைத் தனக்குச் சூட்டிக்கொள்வதில்லை. அது எப்போதும் மற்றவருக்குக் கொடுக்கும் பட்டம். சொன்ன விடயம் பொய் என்று அது சொல்லாது. சொன்னவனின் குரல் சரியில்லை என்று தீர்ப்பளித்து வழக்கை மூடிவிடும்.

சேர்விஸ் சார்ஜையே பார்ப்போம். அதை முதலாளி வைத்துக்கொள்ள முன்னர் சட்டம் இடம் கொடுத்தது. 2023இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2024 ஒக்ரோபர் 1 முதல் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. முதலாளி தனக்கென்று எதையும் பிடிக்காமல் அப்பணத்தைத் தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் நியாயமன்றுக்குப் போகலாம். செப்ரெம்பர் 30 இரவு புறுபுறுப்பாக இருந்த வசனம் விடிந்ததும் முறைப்பாடாகிவிட்டது. வசனத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இச்சொல் ஆங்கிலேயரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு காலத்தில், பத்துப் பவுண் கப்பல் கூலியில் பிரித்தானியரை அவுஸ்திரேலியா குடியேற்றியது. பலரைத் தகரக் கொட்டில் விடுதிகளில் இருத்தினார்கள். அவர்கள் குறை சொன்னபோது உள்ளூரார் கொடுத்த பெயர் 'விஞ்ஜிங் பொம்'. வெள்ளைத் தோலும் ஆங்கில மொழியும் அவர்களைக் காப்பாற்றவில்லை. வந்த இடத்தில் வாய் திறப்பவனுக்கு வைத்திருக்கும் சொல் இது.

கௌரவமான 'கொம்பிளெயின்' மட்டும் எங்கிருந்து வந்தது? அதன் வேர் லத்தீன் 'பிளாங்கெரெ': மார்பில் அடித்து அழுதல். அதுவும் ஒரு காலத்தில் மாரடிப்புத்தான். வழக்குத் தொடுப்பவருக்கு இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1999 வரை வழங்கிய 'பிளெயின்ரிஃப்' என்ற பெயரும் அதே வேரில் வந்தது. அங்கே மாரடித்தவர் வழக்காளியானார். நாமோ 'கூலிக்கு மாரடிக்கிறம்' என்று சொல்லிக்கொண்டு கோப்பை கழுவப் போகிறோம்.

எம்மவரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. புலம்பெயர்ந்தோர் எழுத்தைப் 'புலம்பல் இலக்கியம்' என்று ஒதுக்கும் குரல்களைப் பல வருடங்களாகக் கேட்கிறோம். தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்பதற்குத் தனிமை என்று பொருள் தருகிறது. ஏளனமாகச் சொல்பவர் அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறார். பனியையும் கோப்பையையும் நூறாவது தடவையாக அடுக்கும் கவிதை நல்ல கவிதை என்று நாம் வாதிடவில்லை. எந்த வரி பழுது என்று சொல்லுங்கள், அது விமர்சனம். 'புலம்பல்' என்று மட்டும் சொன்னால் அது மனேச்சரின் வேலை.

இதை எழுதும் எங்களுக்கும் கை சுத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் வன்னியிலிருந்து வந்த ஒரு பொடியன் எங்களோடு கோப்பை கழுவ நின்றான். "அண்ணை, மருந்துத் தண்ணி கையை எரிக்குது" என்றான். "நாங்களும் உப்பிடித்தான் கழுவினனாங்கள். புறுபுறுக்காமல் கழுவு" என்றோம். இரண்டாம் கிழமை அவனுடைய விரல்களில் தோல் உரிந்திருந்தது. அதற்குப் பிறகும் கழுவினான். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

அவன் சொன்னது முறைப்பாடு. அதைப் புறுபுறுப்பு ஆக்கியவர்கள் நாங்கள். ஆங்கிலம் தெரியாமலே அந்த ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பாவித்திருக்கிறோம்.