முட்டுமரக் கூலி

எமிலி ஜோலாவின் 'ஜெர்மினல்' நாவலைப் பற்றிப் பேசுகிற தோழர்கள் எல்லாரும் வேலைநிறுத்தத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பட்டினி, ஊர்வலம், துப்பாக்கிச் சூடு. எனக்கு அதற்கு முன்னாலேயே நின்றுபோச்சு. ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் பதினோரு வருஷம் காண்ட்ராக்ட் ஆளாக பெல்ட் பராமரிப்பு பார்த்தவன் நான். அப்படி ஒருத்தன் படித்தால் கண் வேறு இடத்துக்குத்தான் போகும்.

அந்த வேலைநிறுத்தம் எதில் கிளம்புகிறது? தலைக்கு மேல் பாறை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுக்கிற வேலையில். நிரப்பிய வண்டிக்குத்தான் கூலி, முட்டுக்குத் தனிக் காசில்லை. அதனால் ஏனோதானோவென்று வைக்கிறார்கள். எஞ்சினியர் வந்து திட்டுகிறான், அபராதம் போடுகிறான். அப்புறம் கம்பெனி முட்டுக்குத் தனியாகத் தருகிறோம் என்று சொல்லி, வண்டிக்கு 50 சாந்தீமை 40 ஆக்குகிறது. இதற்கும் முன்னால் ஏலம். எந்த இடத்தில் கரி வெட்டுவது என்று குழு குழுவாகக் கேட்க வேண்டும், குறைத்துக் கேட்டவனுக்கே வேலை. 1884இல் ஆன்சன் சுரங்கத்து வேலைநிறுத்தத்தின்போது நேரில் போய், உள்ளேயும் இறங்கிப் பார்த்து, 1885இல் புத்தகம் கொண்டுவந்த மனுஷன். டெண்டரை நமக்குச் சொல்லித்தர வேறு ஆள் வேண்டாம்.

எங்கள் கதையும் இந்தக் கணக்குதான். குறைந்த ரேட்டுக்கு எடுத்த காண்ட்ராக்டர் பன்னிரண்டு பேர் வேலைக்கு ஏழு பேரை அனுப்புவான். பர்மிட் வாங்கி, கரண்டை நிறுத்தி, பூட்டுப் போட்டுவிட்டுத்தான் பெல்ட்டில் கை வைக்கணும். அதற்கு நேரமாகும், பெல்ட் நின்றால் அவனுக்கு அபராதம். "ஓடும்போதே ரோலரை மாத்துங்கடா" என்பான். மழைக்காலத்தில் ஈரக்கரி சூட்டில் அடைத்துக்கொள்ளும். உள்ளே இறங்கிக் கடப்பாரையால் குத்தணும். ஏழு பேரில் மூன்று பேர் எங்கள் காலனி, இறங்கினதும் அந்த மூன்று பேர்தான். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "உங்க ஆளுங்களுக்கு ரத்தத்துலயே பயம் கெடையாதுப்பா."

ஒருநாள் மேலே ஒட்டியிருந்த கரி சரிந்து என் சித்தப்பா மகன் இடுப்புவரை புதைந்துபோனான். உயிர் தப்பியது, இடது கால் விளங்கவில்லை. மறுவாரம் அவனுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். நிலம் கொடுத்த ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. குடிசை போட்ட மனையைத் தவிர எங்களிடம் எடுக்க என்ன இருந்துச்சு?

ஜோலாவிலும் கூரை சரிகிறது. சிக்கோ சாகிறான், ஜான்லேன் என்கிற சிறுவனுக்கு இரண்டு காலும் முறிகிறது. கூலிக் கணக்கையும் முறிந்த காலையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கத் தெரிந்தவர் கடைசியில் என்ன செய்கிறார்? வெள்ளம் புகுந்த சுரங்கத்துக்குள் எத்தியேன், ஷவாலைக் கொல்கிறான். பசி இருக்கிறது, இருட்டு இருக்கிறது, ஒரு பெண்ணை முன்னிட்டுப் பழைய பகையும் இருக்கிறது. ஜோலாவுக்கு அது போதவில்லை. குடிகார வம்சத்திலிருந்து வந்த ரத்தம் அவனை உந்தியது என்கிறார். அந்தக் காலத்து விஞ்ஞானம் அப்படி என்று நம் விமர்சகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் தாண்ட முடியலை. அந்தச் சொல்லை நான் சூட்டின் வாயில் நின்று கேட்டவன். ரத்தம் என்று சொன்ன அடுத்த நிமிஷமே டெண்டர் ரேட்டைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை.

பணக்காரக் கிளைக்கும் இதே ரத்தக் கணக்கைத்தானே போட்டார், இருபது நாவலிலும் ஒரே குடும்பம்தானே என்றார் ஒரு தோழர். வாஸ்தவம். ஆனால் பணக்காரனின் ரத்தத்தைக் காரணம் காட்டி எவனும் அவனைச் சூட்டுக்குள் இறக்கினதில்லை.

முட்டு சரிகிற அத்தியாயத்தைத் தம்பிக்கு நம்ம பேச்சில் சொன்னேன். "அந்தப் பையனுக்குக் காசு ஏதும் குடுத்தானுங்களாண்ணே?" என்றான். 50 பிராங்க் கொடுத்தார்கள், கால் தேறியதும் மேலே ஒரு வேலை பார்த்துத் தருவதாகவும் சொன்னார்கள் என்றேன்.

காலை நீவிக்கொண்டே கேட்டான்: "மேலன்னா, என்ன வேலைண்ணே?"