பிழை குறைந்தது சரி, செய்தி வந்து சேர்ந்ததா?

சேனல் மதிப்பீடா, நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டு வா என்பதுதான் இன்றைய வயர்லெஸ் ஆய்வுலகின் தாரக மந்திரம். 2018-இல் யே, லீ, ஜுவாங் மூவரும் ஓஎஃப்டிஎம் ரிசீவரின் வேலையை ஆழ்கற்றலிடம் விட்டுப் பார்த்து, பைலட் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கிறது என்று காட்டினார்கள். அன்றிலிருந்து வரிசை நீண்டுகொண்டே போகிறது. தரவுச் சேனலில் தொடங்கிய கூட்டம் இப்போது கட்டுப்பாட்டுச் சேனலுக்கும் வந்துவிட்டது. அவர்கள் சொல்லும் நியாயம் இது: பைலட் எங்கே குறைவோ அங்கேதான் கற்றல் கைகொடுக்கும், 5ஜி-யின் கட்டுப்பாட்டுச் சேனலான பிடிசிசிஎச்சில் பைலட் குறைவு, எனவே கற்றலுக்கு இதைவிடத் தோதான களம் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

தரவுச் சேனலில் கிடைத்த பலனை நான் மறுக்கவில்லை. அகன்ற ஒதுக்கீடு, வேகமாக நகரும் பயனர், சிக்கனமாக வைத்த பைலட் என்றால் பழக்கப்பட்ட நெட்வொர்க் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கட்டுரைகளில் அது யாரோடு மோதுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எதிராளி, பைலட்டில் வந்ததை அப்படியே வகுத்து நடுவில் கோடிழுக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ். தாமதப் பரவலைத் துல்லியமாக அறியாமலேயே ஈடுகொடுக்கும் மதிப்பீட்டை லீ, சிமினி, சோலன்பர்கர் 1998-இலேயே தந்துவிட்டார்கள். நோஞ்சானை வீழ்த்திவிட்டு மாலை போட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது?

அதையும் விட்டுவிடலாம். என் பழைய மனக்குறை அளவுகோலைப் பற்றியது. எல்லோரும் சராசரி வர்க்கப் பிழையை வரைகிறார்கள். அது கட்டுப்பாட்டுச் சேனலில் எதை அளக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிடிசிசிஎச்சில் ஒரு ஆர்பி-யின் 12 சப்கேரியர்களில் 3 பைலட்டுக்கு. சேர்த்து மதிப்பிடத்தக்க ஆர்பி-களின் தொகுப்பான ரெக் கட்டின் அளவு 2 என்று அமைத்திருந்தால் கையில் இருப்பது 6 பைலட். அந்தக் கட்டுக்குள் சேனல் பெரிதாக மாறவில்லை, சிக்னலும் இரைச்சலும் சரிசமம் என்று வைத்துக்கொள்வோம். ஆறையும் வெறுமனே சராசரி எடுத்தாலே, சேனலை முழுதாக அறிந்த ரிசீவரைவிட ஏறத்தாழ 1.25 டெசிபல்தான் பின்தங்குகிறோம். இப்போது மதிப்பீட்டுப் பிழையைப் பாதியாக்கும் ஒரு நெட்வொர்க் வருகிறது. படத்தில் 3 டெசிபல் இறக்கம், பார்த்தவர் மயங்குவார். டிகோடருக்குப் போய்ச் சேருவதோ சுமார் 0.6 டெசிபல். செய்திக்கான ஒதுக்கீட்டு அலகு சிசிஇ; பேஸ் ஸ்டேஷன் 4 சிசிஇ-க்குப் பதில் 8 ஒதுக்கினால் 3 டெசிபல் முழுதாகக் கிடைக்கும். இடம் செலவாகும்தான், ஆனால் அந்தத் திருகு ஏற்கெனவே இருக்கிறது.

இதைவிடப் பெரிய கோளாறு, சிமுலேஷனில் செய்தி எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது. களத்தில் போனுக்கு அது தெரியாது. 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு ஸ்லாட்டுக்கு 44 இடங்கள்வரை போன் கண்ணைக் கட்டிக்கொண்டு திறந்து பார்க்கிறது. பெரும்பாலானவற்றில் அதற்கு எதுவும் இல்லை. தரவுச் சேனலில் சிஆர்சி தவறினால் தவறியது தெரியும். மறுபடி அனுப்பச் சொல்லலாம். இங்கே சிஆர்சி தவறுவதுதான் அன்றாட நடப்பு. 44-உம் தவறினால், செய்தி வரவே இல்லையா, வந்ததைக் கோட்டைவிட்டோமா என்று போனால் சொல்லவே முடியாது. பதில் வராததைப் பார்த்துப் பேஸ் ஸ்டேஷன்தான் ஊகித்துக்கொள்கிறது. தன் தோல்வியைத் தானே அறியாத இடத்தில் நெட்வொர்க் களத்தில் கற்றுத் திருந்தும் என்கிறார்களே, எதை வைத்து? ஜெயித்த செய்திகள் மட்டும்தான் அதன் கையில் இருக்கும். அவை எப்படியும் ஜெயித்திருக்கக்கூடியவை.

காலி இடத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரெக் கட்டுக்குக் கட்டு ப்ரீகோடர் மாறலாம் என்ற அமைப்பில், செய்தி இல்லாத இடத்தில் பைலட்டும் போகாது. அங்கே போன் பார்ப்பது வெறும் இரைச்சல், அல்லது வேறொரு பயனருக்காக வேறு திசையில் திருப்பிய பைலட். எல்லா இடமும் நிரம்பிய சிமுலேஷனில் வளர்ந்த நெட்வொர்க் பக்கத்துக் கட்டிலிருந்து கடன் வாங்கப் பழகியிருக்கும். அந்தக் கடனில்தான் படத்து இறக்கத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் சந்தேகம். களத்தில் அந்தப் பக்கத்துக் கட்டு அடுத்தவருடையதாக இருக்கலாம். கட்டுக்குள் மட்டும் ஒரே ப்ரீகோடர் என்று எண்ணலாம் என்று தரநிலை சொல்வது இதனால்தான். பரந்த மதிப்பீடு வேண்டுமா, தொடர்ச்சியான ஆர்பி-கள் முழுவதும் ஒரே ப்ரீகோடர், ஒரே பைலட் ஓட்டம் என்ற அமைப்பையும் ரிலீஸ் 15 தந்திருக்கிறது. அதை இயக்கினால் சாதாரண வீனர் வடிகட்டிக்கே பைலட் தாராளமாகக் கிடைத்துவிடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஸ்லாட்டில் போன் மதிப்பிட வேண்டிய சிசிஇ-களுக்குத் தரநிலை தனியாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸில் 56. டிகோடிங் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தும் இதைத் தனியே வைத்ததற்குக் காரணம், சேனல் மதிப்பீடே போனுக்குச் சுமை என்பதுதான். அந்தச் சுமையின்மேல் நெட்வொர்க்கை ஏற்றி, பெரும்பாலும் காலியாக இருக்கும் இடங்களுக்காக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் பேட்டரியைக் கரைப்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடமறி சிக்னலிலிருந்து தாமதப் பரவலை எடுத்துக்கொண்டு, முன்பே கணக்கிட்டு வைத்த நாலைந்து வடிகட்டிகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலைக்குப் போதும்.

இத்தகைய கட்டுரைகளை மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலி இடங்களையும் அடுத்தவர் பைலட்டையும் சேர்த்து ஓட்டிய சோதனையைக் கேளுங்கள். நூற்றுக்கு ஒரு செய்தி தவறும் இடத்தில் எத்தனை டெசிபல் மிச்சம் என்று கேளுங்கள். எதிராளியாக வீனர் வடிகட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வர்க்கப் பிழைப் படம் ஒன்றோடு மட்டும் வருவதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.