கெச்கெமேட்டின் பாட்டுப் பள்ளி

ஆரம்பப் பாடசாலையில் சங்கீதம் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளியாக இராமல், கணிதமும் தாய்மொழியும் போல நித்தியப் பாடமாக வேண்டுமென்று விரும்பியவர் பலர். அவ்விருப்பத்தைப் பள்ளியின் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவந்து காட்டியவர்களுள் ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கொடாயும் அவர் வழிநின்ற ஆசிரியர்களும் முதன்மையானவர்கள். 1882இல் கொடாய் பிறந்த கெச்கெமேட் நகரிலேயே, 1950இல் மார்த்தா நெமெஸ்ஸெகி என்னும் ஆசிரியை தொடங்கிய பாட்டுப் பள்ளி, பின்னர் நாடெங்கும் எழுந்த பல பள்ளிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

அங்கே வாத்தியத்துக்கு முன்னே குரல். ஆசிரியை இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்துச் சுருதி கொடுக்கிறார். இடுப்பளவில் மூடிய முஷ்டி 'டோ', நெஞ்சுக்கு நேரே தரைநோக்கிய உள்ளங்கை 'மி', அதற்குமேல் தம் பக்கம் திருப்பிய கை 'ஸோ'. வலக்கை ஒரு வரிசைக்கும் இடக்கை மற்றொரு வரிசைக்குமாகப் பிரிந்தவுடன், வகுப்பு இரு குரலில் பாடத் தொடங்கிவிடுகிறது. இம்முத்திரைகள் இங்கிலாந்தின் ஜான் கர்வெனிடமிருந்தும், 'தா', 'தி-தி' என்னும் தாளச் சொற்கள் பிரான்ஸிலிருந்தும் பெற்றவை. கொடாயும் சக இசையமைப்பாளர் பேலா பார்த்தோக்கும் கிராமம் கிராமமாகத் திரட்டிய நாட்டுப்பாடல்களே பாடத்தின் உயிர். நம் ஷட்ஜத்தைப் போலவே 'டோ'வும் எந்தச் சுருதியிலும் அமரும். தொடக்கப் பாடல்களுள் பல நிற்கும் ஐந்து ஸ்வரங்களோ நம் செவிக்கு மோகனமாகவே ஒலிப்பவை!

ஏழைக் குழந்தைக்கும் குரல் உண்டு என்பதால் செலவின்றி நடப்பதும், பாடிப் பழகிய ஒலிக்கே பிறகு குறியீடு கற்பிக்கப்படுவதால் ஏட்டிலுள்ள ஸ்வரம் செவியில் தானே எழுவதும் இம்முறையின் மறுக்கவொண்ணாத சிறப்புகள். ஆனால் 1964இல் புடாபெஸ்டில் கூடிய சர்வதேச இசைக் கல்வி மாநாட்டுக்குப் பின் இதைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றவர்களுட் பலர், முத்திரைகளை எடுத்துக்கொண்டு நித்திய வகுப்பை விட்டுவிட்டார்கள். தாமே சுத்தமாகப் பாடி, இரு குரல்களில் எது பிசகுகிறதென்று அக்கணமே உணரும் ஆசிரியர் இல்லாதவிடத்து, அம்முத்திரைகள் வெறும் கைவீச்சே. 1929இல் எழுதிய கட்டுரையில் கொடாய், சிற்றூர்ப் பாட்டு வாத்தியாரை ஆபெரா மாளிகையின் அதிபரினும் முக்கியமானவராக மதித்தது மிகையன்று.

இப்பள்ளிகளில் பயின்றோர் கணக்கிலும் தேறினர் என்னும் கீர்த்தியை மட்டும் நான் அவ்வளவு எளிதில் ஏற்பதற்கில்லை. செவியையும் குரலையும் சோதித்தே குழந்தைகளைச் சேர்த்த பள்ளிகளில், சிரத்தையுள்ள பெற்றோரே விரும்பி நாடிய பள்ளிகளில், நன்மையை விளைத்தது சங்கீதமா, சேர்க்கைச் சோதனையா என்று எவ்வாறு பிரித்தறிவது?

அதனினும் பெரிய குறை வேறு. ஹங்கேரியின் பெரும்பான்மையினரான மாகியார்களின் கிராமத்துப் பாட்டே எல்லாக் குழந்தைகளுக்கும் தாய்ப்பாட்டு என்று கொள்ளுமிடத்து, சிறுபான்மையினரான ரோமா இனத்துக் குழந்தை தன் வீட்டில் கேட்ட இசையை வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குள் வர நேர்கிறது. மேலும், ஆசிரியர் காட்டியதைப் பிழையின்றிப் பாடுவதற்கு இத்தனை அப்பியாசம் அளித்த திட்டம், அதே ஐந்து ஸ்வரங்களைக் கொண்டு தானாக ஒரு மெட்டுக் கட்டிப் பார்க்கக் குழந்தைக்கு அளித்த அவகாசம் சொற்பம். பாதிப் பாட்டை ஆசிரியர் பாடி நிறுத்த, மீதியைக் குழந்தை தன் மனம்போல் முடிக்கும் விளையாட்டுக்கு இம்முறையில் எந்தத் தடையும் இல்லை. அதற்கு வாரத்தில் ஒரு நாளையேனும் ஒதுக்கியிருக்கலாம்.