சில்லுதான் ஸ்கோர்போர்டு

சிம்பாங் பூலாய் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தால், நமக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் கல் லாரிதான். கேமரன் மலைக்குக் கிளம்பிய கார்கள் அதன் பின்னால் முனகிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், பாதி அறுத்த பளிங்குப் பாறை, கார்க் கண்ணாடியில் வெள்ளைப் பொடி. கல்லுக்குப் பேர்போன ஊர். ஆனால் இந்த வாரம் அலச எடுத்துக்கொண்ட ஆட்டத்துக்கு இந்த ஊர்க் கல் உதவவே உதவாது.

கல்லால் கல்லை அடித்துக் கூர் எடுப்பதுதான் அந்த ஆட்டம். அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்கள் கூடுகிறார்கள்; 'நாப்-இன்' என்று பெயர். ஒஹாயோவில் ஃப்ளின்ட் ரிட்ஜ், மிசூரியில் ஃபோர்ட் ஓசேஜ் என்று பெயர்பெற்ற களங்கள் உண்டு. தார்ப்பாயை விரித்து, தொடையில் தடித்த தோலைப் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருபக்கம் கல் வியாபாரம், இன்னொருபக்கம் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். கோல் கம்பமும் இல்லை, விசிலும் இல்லை. பிறகு ஆட்டத்தை எதை வைத்து அளப்பது?

கூட்டம் பார்ப்பது கடைசியில் கையில் இருக்கும் அம்புமுனையை. அது தப்பு என்பேன். பார்க்க வேண்டியது தார்ப்பாயில் விழுந்து கிடக்கும் சில்லுகளை. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் ஏறத்தாழ 4,80,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து கல் அடித்திருக்கிறார். சில்லு சிதறிய வாக்கிலேயே அவர் கால் எங்கே இருந்தது என்று தெரிகிறது. அந்தச் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தி, எந்த அடி முதலில், எது அடுத்து என்று ஆய்வாளர்கள் அடுக்கிவிட்டார்கள். நமக்கு நேற்றைய அஸ்லான் ஷா ஹாக்கி ஆட்டத்தின் ரீப்ளே தேட நேரமாகிறது!

நுட்பத்துக்கு வருவோம். அடிபடும் விளிம்பு 90 டிகிரிக்குள் சாய்ந்திருக்க வேண்டும். அந்த விளிம்பில் சரியான இடத்தில் அடி விழுந்தால் கல்லுக்குள் விசை கூம்பாக விரிந்து, ஒரு சில்லு உரிந்து வரும். அடி பட்ட இடத்துக்குக் கீழே சிறு குமிழ், அதைச் சுற்றிக் குளத்தில் கல் போட்டாற்போல் வளையங்கள். இப்படி உடைய, கல் நெடுக ஒரே சீராக இருக்க வேண்டும். ஃப்ளின்ட், அப்சிடியன், நல்ல குவார்ட்சைட் எல்லாம் அந்த வகை. 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கைக்கோடரியும் குவார்ட்சைட்தான். நம் சுண்ணாம்புக் கல்லோ இரும்பு ஆணியால் கீறினாலே தடம் விழுகிற சாது. கூர் எடுத்தாலும் நிற்காது.

நம்பாமல் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பளிங்குத் துண்டு சர்க்கரைக் கட்டி போல் உதிர்ந்தது. அப்புறம் புதிதாகப் பழகுகிறவர்கள் எடுக்கும் வழியையே எடுத்தேன்: போத்தலின் அடிப்பாகம். ஆற்றுக் கூழாங்கல்லால் தட்டினேன். மூன்றாவது அடியில் அழகாக ஒரு சில்லு, நகத்தளவு. நாலாவது பாதியில் ஒடிந்து, கண்ணாடியில் ஒரு படியை விட்டுவிட்டது. இந்தப் படிதான் புதியவனின் எமன். அடுத்த சில்லும் அங்கே வந்து முட்டி நிற்கும். கோபத்தில் ஓங்கி அடித்தால் படி இன்னும் ஆழமாகும். தற்காப்பு வீரரின் மட்டையிலேயே திரும்பத் திரும்பப் பந்தை அடிக்கிற முன்வரிசைக்காரனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கதைதான். ஐந்தாவது அடியில் இடது கட்டைவிரல் கிழிந்தது. அன்றைய ஆட்டம் முடிந்தது.

தேர்ந்தவர்கள் அடிப்பதைவிட அதிகம் தேய்க்கிறார்கள். அடிக்குமுன் விளிம்பை இன்னொரு கல்லால் உரசி வலுவாக்கி, திருப்பிப் பார்த்து, மறுபடி உரசி, பிறகுதான் ஒரு தட்டு. கண்ணுக்குத் தெரிவது வலது கை. ஆட்டத்தை நடத்துவது கல்லைப் பிடித்திருக்கும் இடது கை. கோணம் அந்தக் கையில்தான் இருக்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் குஜராத்தின் காம்பத்தில். அங்கே அகேட் மணிக்கற்கள் செய்கிறவர்கள் தரையில் ஓர் இரும்புக் கம்பியைச் சாய்வாக நட்டு, அதன் முனையில் கல்லை அணைத்து, எருமைக்கொம்புத் தலை வைத்த சுத்தியலால் மறுபக்கம் தட்டுகிறார்கள். சில்லு கம்பி முனைப் பக்கம் தெறிக்கும். பிரான்சின் வாலன்டீன் ரூ, பிளாந்தின் பிரில் இருவரும் 1990-களில் அந்தச் சுத்தியலிலேயே வேகமாற்றம் அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். கல்லுக்குப் பதில் கண்ணாடியைக் கொடுத்தபோது, முதல்தரக் கைவினைஞர்கள் அடியைத் தணித்துக்கொண்டார்கள். மட்டமான மணி செய்கிறவர்கள் பழகிய வேகத்தை அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளவில்லை. பின்னால் வந்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. தேர்ந்தவரின் சுத்தியல் முனை ஒரே வழியில் போய்வர, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி வேறு வேறு கணக்குப் போடுகின்றன. மாஸ்கோவில் 1920-களிலேயே நிகோலாய் பெர்ன்ஸ்டைன் சுத்தியல் அடிக்கும் தொழிலாளிகளைப் படம்பிடித்து இதைத்தான் கண்டார். "ஒரே மாதிரி ஆடு, ஒரே மாதிரி ஆடு" என்று பிள்ளைகளை வறுத்தெடுக்கும் நம் பயிற்சியாளர்கள் ஒருநாள் காம்பத் பக்கம் போய்வரலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பால்மரத்தில் கத்தி வைக்கிறவர் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயம், கிராணியிடம் வசவு. ஒரே மரம், ஒரே கோடு, ஆனால் நேற்றைய கை இன்றைக்குச் செல்லாது. எங்கள் லயத்துக்கு அம்மி கொத்த வருகிற பெரியவர் நினைவுக்கு வருகிறார். உளியை வைக்குமுன் அம்மியை உள்ளங்கையால் ஒருதரம் தடவுவார், வழுக்கிற இடம் எது என்று. பிறகு டிக், டிக், டிக் என்று அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகக் குழி. பாட்டி அன்றைக்கு முதல் அரைப்பைத் தவிடு போட்டு அரைத்துக் கொட்டிவிடுவாள், கல்துகள் மிளகாயில் சேராமல் இருக்க. கருங்கல்லில் கொத்துவது வேறு, சில்லு எடுப்பது வேறு. கால்பந்தும் தக்ராவும் போல இரண்டு ஆட்டங்கள். மணிக்கட்டு மட்டும் ஒன்று.

பேராக்கில் இந்த ஆட்டத்துக்குப் பழைய மைதானமே இருக்கிறது. இங்கிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் லெங்கோங். அங்கே கோத்தா தம்பானில் 1938-இல் காலிங்ஸ் தோண்டினார். 1987-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜுரைனா மஜித் தோண்டியபோது வெளிப்பட்டது ஒரு முழுப் பட்டறை. பட்டடைக்கல், சுத்தியல் கல், உரித்த மூலக்கல், முடிந்தது, முடியாதது, சில்லுக் குவியல், எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. கூடவே எரிமலைச் சாம்பல். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா வெடித்தபோது ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினார்கள் என்பது ஜுரைனாவின் விளக்கம். 2012-இல் இந்தப் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலக மரபிடமானது.

அதே பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையில் 1991-இல் கிடைத்த பேராக் மனிதரைப் பற்றி ஒரு விளையாட்டுப் பத்திக்காரன் சொல்லாமல் போகக்கூடாது. பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தியவர். பிறவியிலேயே விரல் எலும்பு குட்டையாகி, இடது கை சூம்பிப்போனவர். கல்லைப் பிடிக்க வேண்டிய கை அது. அவரைத்தான் கல்லாயுதங்களோடு மரியாதை செய்து அடக்கியிருக்கிறார்கள்.

நாமும் ஒரு கூட்டம் போடலாம்தான். ஆனால் கோத்தா தம்பானில் கூடாது. புதுச் சில்லு பழைய மண்ணில் விழுந்தால் நாளைய ஆய்வாளருக்கு நாம் செய்யும் துரோகம் அது. லெங்கோங் டவுனில் ஒரு திடல் போதும். தார்ப்பாயில் அடிக்க வேண்டும், ஒரு சில்லு விடாமல் கூட்டி அள்ள வேண்டும். அடிப்பது திறந்த வெளியில், காற்றோட்டமாக. சிலிக்காத் தூசு காம்பத்தில் எத்தனையோ நுரையீரல்களைத் தின்றிருக்கிறது. துப்பாக்கிக்குத் தீக்கல் செதுக்கிய இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க்காரர்களையும் விடவில்லை. புள்ளி கொடுப்பதாக இருந்தால் முடிந்த கருவிக்குப் பாதி, சில்லுக் குவியலுக்குப் பாதி. படி விழுந்த சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழிவு.

சில்லுகளைப் புதைக்கிறவர்கள் கூடவே ஒரு நாணயத்தையும் போடுவார்கள், தோண்டுகிறவர் ஏமாறாமல் இருக்க. என் போத்தல் சில்லுகளைப் பால் டின்னில் அள்ளிப் போட்டு, மேலே ஒரு பத்துக்காசை வைத்திருக்கிறேன். எண்ணியும் பார்த்தேன்: உருப்படியாக உரிந்தது ஒன்று, படி விழுந்தது ஒன்று, மற்றதெல்லாம் நொறுங்கல். கட்டைவிரல் ஆறியதும் இரண்டாவது போத்தல்.