கால்சியம் கருதுகோள்: எல்லாவற்றையும் விளக்கும் ஒன்று எதை விளக்குகிறது?

அல்சைமர் நோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாள் தொடர்ந்து வாசித்தால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: கால்சியம் கருதுகோள். 1980-களில், அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஸாவென் கச்சதூரியன் முன்வைத்தது. நரம்பணுவுக்குள் கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு வயதாக ஆகத் தளர்கிறது. தளர்வு சின்னதாக இருந்தாலும், பல வருடம் நீடித்தால் அணு சேதமாகிறது. சுருக்கமாக இவ்வளவுதான். 2017-இல் ஒரு பணிக்குழு, அதுவரை சேர்ந்த சான்றுகளையெல்லாம் சேர்த்து இதை விரிவாக்கி எழுதியது. எனக்குப் பிடித்த கருதுகோள்தான். அதனாலேயே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இது பால், கேழ்வரகு, கால்சியம் மாத்திரை பற்றிய பேச்சு இல்லை. இங்கே விஷயம் அணுவுக்குள்ளே நடப்பது.

அணையும் மதகும்

நரம்பணுவுக்கு வெளியே கால்சியம் சுமார் 1 முதல் 2 மில்லிமோலார். உள்ளே, அணு சும்மா இருக்கும்போது, சுமார் 100 நானோமோலார். ஏறக்குறைய 10,000 மடங்கு வித்தியாசம்! அணைக்கு இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர், அந்தப் பக்கம் ஈரம் மட்டும். மதகு ஒரு நொடி திறந்தாலும் அது சேதிதான். பக்கத்து அணுவுக்குச் சமிக்ஞை அனுப்பு, இந்த இணைப்பைப் பலப்படுத்து, அந்த மரபணுவை இயக்கு, கடைசியில் செத்துப் போ என்பது வரை எல்லா உத்தரவுக்கும் கால்சியமே தூதன். வந்த கால்சியத்தை வெளியே தள்ளப் பம்புகள் உண்டு. உள்ளேயே சேமித்து வைக்க எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற கிடங்கும் உண்டு.

இந்த ஏற்பாடு முதுமையில் மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. வயதான எலிகளின் ஹிப்போகேம்பஸ் அணுக்களில், ஒரு துடிப்புக்குப் பிறகு வரும் கால்சியம் சார்ந்த ஓய்வு நீண்டுபோவதை லேண்ட்ஃபீல்டும் பிட்லரும் 1984-இலேயே காட்டினார்கள். 2008-இல் உயிருள்ள எலிகளின் மூளையைப் படமெடுத்தபோது, அமைலாய்டு படிவு இருந்த மூளைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நரம்பு இழைகளில் கால்சியம் அளவுக்கு மேல் இருந்தது. ஆக, கால்சியம் நிலை குலைவது நிஜம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சிக்கல் எங்கே?

பரம்பரையாக, இளவயதிலேயே வரும் அல்சைமருக்கு பிரெசெனிலின் மரபணு மாற்றங்கள் முக்கியக் காரணம். 2006-இல் ஒரு குழு சொன்னது: பிரெசெனிலின்தான் கிடங்கிலிருந்து கால்சியத்தை மெல்லக் கசியவிடும் வழி, மாற்றம் வந்தால் கசிவு அடைபட்டு, கிடங்கு நிரம்பி வழிகிறது. 2008-இல் வேறொரு குழு சொன்னது: இல்லை, கிடங்கின் இன்னொரு மதகான ஐபி3 ஏற்பி மிகச் சுலபமாகத் திறந்துகொள்கிறது. 2012-இல் அந்தப் பக்கத்திலிருந்தே, பிரெசெனிலின் கசிவு வழி என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்று கட்டுரை வந்தது.

ஒருவர் வழி அடைபட்டது என்கிறார். மற்றவர் கதவு சும்மா சும்மா திறக்கிறது என்கிறார். ஆனால் மேலோட்டமான கட்டுரைகளில் இரண்டுமே 'கால்சியம் சீர்குலைவு' என்ற ஒரே வரியில், ஒரே கருதுகோளுக்கு ஆதரவாகப் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ஏறினாலும் ஆதரவு, இறங்கினாலும் ஆதரவு என்றால், எந்தச் சோதனையில்தான் இது தோற்கும்?

என் தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. சர்வரில் எந்த பக் இருந்தாலும் கடைசியில் மெமரி கிராஃப் ஏறும். ஆனால் 'மெமரி ஏறுகிறது' என்பதைக் காரணம் என்று டிக்கெட்டில் எழுதி மூட முடியாது. அதே சமயம், மெமரி நிரம்பினால் சர்வர் நிஜமாகவே விழும். அதைத் தடுப்பதும் உபயோகமான வேலைதான். காரணம் என்பது வேறு, சேதம் நடக்கும் பாதை என்பது வேறு. கால்சியம் கருதுகோள் இந்த இரண்டையும் பிரிக்காமலே 40 வருடம் ஓட்டிவிட்டது.

மருந்துகள் சொல்வது

2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெமன்டைன், கால்சியம் நுழையும் என்எம்டிஏ ஏற்பியை அடக்குகிறது. அறிகுறிகளில் சிறு பலன் உண்டு, நோயை நிறுத்துவதில்லை. கால்சியம் வாயிலை அடைக்கும் ரத்த அழுத்த மருந்தான நில்வாடிபின், ஐரோப்பாவில் 511 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டது. 2018-இல் வந்த முடிவு: மொத்தக் குழுவில் பலன் இல்லை.

நியாயமாகச் சொன்னால் இது சுத்தமான சோதனை இல்லை. நில்வாடிபினைத் தேர்ந்ததற்கு, அது எலிகளில் அமைலாய்டைக் குறைத்ததும் ஒரு காரணம். அது அடைப்பது வெளிச்சுவரின் மதகை. பிரெசெனிலின் சண்டையோ உள்கிடங்கில். சரி, அப்படியானால் சரியான சோதனை எது என்று கருதுகோள்காரர்கள்தானே முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

எத்தனையோ திட்டு வாங்கிய அமைலாய்டு கருதுகோள் இந்த விஷயத்தில் தைரியசாலி. அமைலாய்டை அகற்றினால் நோய் மெதுவாகும் என்று பந்தயம் கட்டியது. பலமுறை தோற்றது. கடைசியில் லெகனெமாப் 18 மாதத்தில் சரிவை 27% குறைத்தது. நோயாளி உணரும் அளவுக்கு அது பெரிதா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான்.

கால்சியம் கட்டுரை ஒன்றை இனி வாசிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அணுவின் எந்தப் பகுதியில்? ஏறுகிறதா, இறங்குகிறதா? எந்த வகை அணுவில்? நோயின் எந்தக் கட்டத்தில்? நான்குக்கும் பதில் இருந்தால் அது கருதுகோள். இல்லையென்றால் வெறும் தலைப்பு.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களின் பிரஷர் மாத்திரையையோ கால்சியம் மாத்திரையையோ கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அதற்கான ஆதாரம் இந்தக் கருதுகோளிடம் இன்னும் இல்லை. மருந்தை முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர்.